காலர் கணக்கு

ஒரு பாட்டுக்கு ஐம்பதாயிரம்,
முப்பத்தொரு பாட்டு.
பீன்யா இரண்டாவது ஸ்டேஜில்
சாப்பாட்டு மணி அடித்த பிறகும்
டிபன் மூடிகள் திறக்காமலே கிடந்தன.
பதினைந்தரை லட்சம் என்றாள் அற்புதமேரி.
செக்கிங் டேபிள்காரி, அவள் எண்ணினால் தப்பாது.

எபினேசர் எங்களுக்கு யாரோ இல்லை.
ஓவர்லாக் ஷாலட்டின் தம்பி.
யஷ்வந்தபுரம் பங்க்கில் இரவெல்லாம் பெட்ரோல் அடிப்பவன்.
பாட்டை விற்கவில்லை,
யாருக்கும் ஏற்றிக் கொடுக்கவில்லை,
மூன்று மணிக்குக் கண் சொருகாமலிருக்க
ஒரு காதில் மாட்டிக்கொண்டான்.
அவ்வளவுதான் என்றாள் ஷாலட்.
அதைத்தான் கோர்ட்டிலும் சொன்னாளாம்.
அங்கே எழுதிக்கொள்ளக்கூட இல்லையாம்.

அன்று சாயங்காலம்
ஜாலஹள்ளி கிராஸ் பஸ்ஸில்
குனிந்த தலைகள் எல்லாம் அழித்துக்கொண்டிருந்தன,
ஒவ்வொன்றாய், பெயரைப் படித்துப் படித்து.
பின்சீட்டுப் பையன் ஒருவன்
அழிக்குமுன் ஒருதரம் கேட்டுக்கொண்டே
இறங்கவேண்டிய இடத்தைத் தாண்டிப் போனான்.
'எல்லாரையும் பிடிச்சா நான் யாருக்கு டிக்கெட் கிழிக்க?'
கண்டக்டர் கன்னடத்தில் கேட்டார். டிரைவர் சிரிக்கவில்லை,
பென்டிரைவைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டார்.
மெமரி கார்டு நிரப்பும் மூலைக்கடையில்
முப்பது ரூபாய்ப் பலகை
சுவர்ப்பக்கம் திரும்பியிருந்தது.
'திருட்டுன்னா திருட்டுதானே' என்றார் அங்கே நின்ற ஒருவர்,
காதில் ஒயரோடு.

ஒடிசாப் பெண் ஜூனு மட்டும் எதையும் அழிக்கவில்லை.
அவள் ஊர்ப் பாட்டை இந்த நகரத்தில் யாரும் விற்பதில்லை.
காசு தருகிறேன், யாரிடம் தர என்று
அரைத் தமிழில் கேட்டுக்கொண்டிருந்தாள்.

மறுநாள் நாகரத்னா வேறு சொன்னாள்.
'என் வீட்டுக்காரர் கோரஸ் பாடுறவர்.
ஒரு நாள், ஒரு கவர், ரெண்டாயிரம்.
சும்மா எடுத்துக்கிட்டா எனக்கும் எரியுது.
ஆனா அந்தப் பதினஞ்சரை லட்சத்துல
அவர் தொண்டைக்கு எவ்வளவுன்னு
யாராவது கேட்டுச் சொல்லுங்க.'
தெரிந்தவர் யாருமில்லை.
ரசம் ஆறிப்போயிருந்தது.

என் கணக்கு வேறு. நான் காலர் ஆள்.
நாளைக்கு நானூற்றெண்பது,
சம்பளத்தைப் பிரித்தால் ஒன்றுக்குத் தொண்ணூற்றாறு காசு.
நாலரை நிமிஷப் பாட்டு ஒன்றுக்கு
நூற்றெட்டு நாள் தைக்கவேண்டும், அதற்குமேல் ஓர் அரைநாள்.
முப்பத்தொன்றால் பெருக்கவில்லை,
பாபின் தீர்ந்துவிட்டது.

இரண்டு நூல் விலகிய சட்டையை
இங்கே யாருக்கும் தரமாட்டார்கள்,
நடுமுதுகில் கத்தரி வைத்துத்தான் குப்பையில் போடுவார்கள்.
கேட்டில் துப்பட்டாவை உதறி, டிபனைத் திறந்து
ஒரு பட்டனும் வெளியே போகவில்லை என்று பார்த்தபிறகுதான் வீடு.
போன பொங்கலுக்கு
என் மகனுக்கு நான் தைத்த சட்டையில்
அதே காலர். அதே வளைவு,
முனையில் அதே கால் அங்குலம்.
துணி நான் வாங்கியது, நூல் நான் வாங்கியது,
இங்கிருந்து எதுவும் குறையவில்லை.
கேட்டுக்காரி என் விரல்களை உதறிப் பார்த்ததில்லை.
யாரிடமும் சொல்லவில்லை.
அந்தச் சட்டையை எடுத்துப் பெட்டியின் அடியில் வைத்தேன்.

சம்பள நாளில் ஒரு பிஸ்கட் டப்பா லைன் லைனாக வந்தது.
பத்து, இருபது.
நாகரத்னா நூறு போட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.
சூப்பர்வைசர் புட்டராஜு பார்க்காதது மாதிரி ஐம்பது.
நாலாயிரத்து இருநூற்று அறுபது.

ஷாலட் கையில் கொடுக்குமுன்
அற்புதமேரி சும்மா இருக்கமாட்டாமல் வகுத்தாள்.
ஒரு பாட்டில் இருபத்துமூன்று செகண்ட்.
அதுவரை புல்லாங்குழல்தான் வரும் என்றாள் ஷாலட்,
தம்பி அடிக்கடி போடுகிற பாட்டை நினைத்து.
அதற்குள் யாரும் வாய் திறப்பதில்லை.